வடிகட்டிக்கு முன்னால் தாங்கி

கொழும்பில் வீட்டுக் குழாயில் தண்ணீர் கலங்கி வந்தால், அந்தக் கலங்கல் எங்கிருந்து வருகிறது என்று தேடுபவர் குறைவு. எந்தக் கடையில் நல்ல பில்டர் கிடைக்கும் என்று விசாரிப்பவரே அதிகம். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனையின் சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வீடுகளிலும் நம்பிக்கை ஒன்றுதான்: நீர் வழங்கல் சபை அனுப்புவது அழுக்குத் தண்ணீர், அதற்கு மருந்து பில்டர், அதன் துளை சிறுக்கச் சிறுக்கத் தண்ணீர் நல்லதாகும், கண்ணாடிபோல் வந்துவிட்டால் அப்படியே குடிக்கலாம். இவற்றில் முதலாவதில் பாதி உண்மை உண்டு. நடுவில் உள்ளவை பணத்தையும் தண்ணீரையும் வீணாக்குபவை. கடைசியாகச் சொன்னது ஆளைப் படுக்கையில் கிடத்தக்கூடியது. மண்டியைத் தேட வேண்டிய முதல் இடம் வீட்டுக்காரரின் சொந்தத் தாங்கி. அதைத் திறந்து பார்க்காமல் பூட்டப்படும் எந்த வடிகட்டியும் தவறான இடத்தில் செய்த செலவு.

பாதி உண்மையை முதலில் பார்க்கலாம். கொழும்புக்கு லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது 1886இல். 1950களில் களட்டுவாவ நீர்த்தேக்கம் சேர்ந்தது. களனி ஆற்றங்கரையில் அம்பத்தளைச் சுத்திகரிப்பு நிலையம் வந்த பிறகு, நகரம் பெரிதும் ஆற்று நீரையே நம்பி வாழ்கிறது. மழைக்காலத்தில் களனி தேநீர் நிறத்தில் ஓடும். அந்த நீரில் படிகார வகை இரசாயனத்தைக் கலந்து, நுண்ணிய களிமண்ணைத் திரளவிட்டு, அடையவைத்து, மணற்படுக்கையில் வடித்து, குளோரின் இட்டுத்தான் நகருக்கு அனுப்புகிறார்கள். தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைத்த கிராமத்து வழியிலும் நடப்பது இதே திரட்டல்தான். தனித்தனியாக மிதக்கும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாரமாகிக் கீழே போகின்றன. குடிநீருக்கான இலங்கைத் தரநிர்ணயம் எஸ்.எல்.எஸ். 614, கலங்கலுக்கு 2 என்.டி.யூ. (கலங்கலை அளக்கும் அலகு) என்ற உச்ச எல்லையை வைத்திருக்கிறது. மனிதக் கண்ணுக்குக் கலங்கல் தெரியத் தொடங்குவதே ஏறத்தாழ 4 அலகில். எனவே தரத்துக்கு உட்பட்டு நிலையத்தை விட்டுப் புறப்படும் நீர் கண்ணுக்குத் தெளிவாகவே இருக்கும்.

வழியில்தான் அது கெடுகிறது. நகரின் நிலத்துக்குள் பிரித்தானியர் காலத்து வார்ப்பிரும்புக் குழாய்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கிடந்து உழைத்தன. கசிவும் களவுமாக, நகருக்கு விடப்படும் நீரில் ஏறத்தாழ பாதி கணக்கில் வராமல் போன காலமும் உண்டு. அந்தக் குழாய்களை மாற்றும் வேலை கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக நடந்துவருகிறது. பழைய இரும்புக் குழாயின் உட்சுவரில் துரு மேடு மேடாக வளர்ந்திருக்கும். நீர் ஒரே சீராக ஓடும்வரை அது அசையாது. திருத்த வேலைக்காக நீரை வெட்டிவிட்டு மறுபடி திறக்கும்போது வேகம் மாறி, துரு உரிந்து, முதல் அரை மணி நேரத்துக்குக் குழாயில் செங்காவியாக வரும். இது சபையின் பக்கத்துக் குறை. குழாய்களை மாற்றுவதும், வெட்டுக்குப் பிறகு வீதியோரத்தில் முதல் நீரைத் திறந்து ஓடவிடுவதும் சபையின் கடமை. அதை வலியுறுத்திக் கேட்பது பாவனையாளரின் உரிமை.

ஆனால் நீர்மானியைத் தாண்டியபின் குழாயும் தாங்கியும் வீட்டுக்காரருடையவை. மேலே சொன்ன நம்பிக்கை கண்ணை மூடிக்கொள்வது இங்கேதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து பேர் உள்ள ஒரு வீடு நாளுக்கு 1,000 லீற்றர் பாவிக்கிறது என்று கொள்வோம். தண்ணீர் மிக நல்ல தண்ணீர். லீற்றருக்கு 1 மில்லிகிராம் துகள்தான், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அந்தத் துகள் முழுவதும் தாங்கியில் தங்கினால் நாளுக்கு 1 கிராம், ஆண்டுக்கு 365 கிராம். ஐந்து ஆண்டு கழுவாத தாங்கியில் ஏறத்தாழ இரண்டு கிலோ. இது உலர்ந்த நிறை. தண்ணீரில் ஊறிய சேறாக அதன் பருமன் பல மடங்கு. தரத்துக்கு முழுதும் உட்பட்ட நீரிலிருந்தே இவ்வளவு சேரும் என்றால், துரு கலந்து வந்த நாட்களின் கணக்கைச் சொல்லத் தேவையில்லை. சபை ஒரு நாளும் சேறு அனுப்பாவிட்டாலும் கழுவாத தாங்கி சேற்றைச் சேர்த்தே தீரும்.

தாங்கியில் நீர் அசையாமல் நிற்கிறது. அசையாத நீரில் துகள் அடைவது இயற்கை. ஆனால் எல்லாத் துகளும் ஒரே வேகத்தில் அடைவதில்லை. 50 மைக்ரோன் அளவுள்ள நுண்மணல் ஒரு மீற்றர் ஆழத்தைச் சில நிமிடங்களில் கடந்து அடியில் விழும். (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு, தலைமயிரின் தடிப்பு 50 முதல் 100 மைக்ரோன்.) 10 மைக்ரோன் வண்டலுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் பிடிக்கும். 1 மைக்ரோன் களிமண்ணுக்குப் பத்து நாளுக்கு மேல் வேண்டும். ஆக, ஓர் இரவு நிற்கும் தாங்கி மணலையும் வண்டலையும் தானாகவே பிரித்துவிடுகிறது. மின்சாரம் வேண்டாம், பில்டருக்குள் மாற்றிப் போடும் கார்ட்ரிஜ் உருளை வேண்டாம். ஒவ்வொரு வீட்டிலும் ஏற்கெனவே ஓர் அடையல் தொட்டி இருக்கிறது. அதைச் சேற்றுக் கிடங்காக வைத்திருந்துவிட்டு, அதன் வேலையைச் செய்யக் காசு கொடுத்து இன்னொன்றை வாங்குவதுதான் இன்றைய வழக்கம்.

அடைந்த மண்டி அடியிலேயே கிடந்தால் தொல்லையில்லை. அதைக் கிளப்புவது மோட்டர். நிலத்தடித் தாங்கியின் அடியைத் தொட்டபடி உறிஞ்சு குழாயை இறக்கிவிடுவது பலர் செய்யும் தவறு. கடைசிச் சொட்டுத் தண்ணீரையும் எடுக்க வேண்டும் என்ற எண்ணம். தாங்கி நிறைந்திருக்கும் நாட்களில் ஒன்றும் தெரியாது. நீர்வெட்டு அறிவிக்கப்பட்ட நாளில் நீர்மட்டம் ஒரு முழத்துக்கு இறங்கும், மோட்டர் ஓடும், ஐந்து ஆண்டு மண்டி ஒரேயடியாக மேல்மாடித் தாங்கிக்குப் போகும். மறுநாள் காலையில் குழாயைத் திறந்தவர், வெட்டுக்குப் பிறகு சபை சேற்றை அனுப்பிவிட்டது என்றே முடிவு செய்வார். நாளும் பொருந்துகிறது, நிறமும் பொருந்துகிறது. முடிவு மட்டும் பிழை. உறிஞ்சு குழாயின் வாயை அடியிலிருந்து ஒரு சாண் உயர்த்தினாலே இந்தக் கலங்கலில் பெரும்பகுதி அடங்கிவிடும். அந்த வேலைக்கு ஒரு பிளம்பரின் அரை நாள் கூலி போதும்.

வெள்ளவத்தையின் நிலை தனியாகச் சொல்ல வேண்டியது. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலான ஒழுங்கைகளில், ஒரு குடும்பம் இருந்த காணியில் இன்று இருபது முப்பது குடும்பங்கள் தொடர்மாடியில் இருக்கின்றன. எல்லோருக்கும் ஒரே நிலத்தடித் தாங்கி. அது பெரும்பாலும் வாகனம் நிறுத்தும் தளத்துக்குக் கீழே. அதன் மூடியைக் குனிந்து பார்த்தால் விஷயம் விளங்கும். தரையோடு தரையாக ஓர் இரும்புத் தகடு. விளிம்பில் றப்பர் இல்லை. சுற்றிலும் டயர்த் தடம். கார் கழுவிய தண்ணீர் சரிவு பார்த்து அந்த விளிம்பை நோக்கித்தான் ஓடுகிறது. மழை நாளில் வீதி வெள்ளமும் அங்கேதான் தேங்குகிறது. மூடி தரைமட்டத்திலிருந்து ஆறு அங்குலம் உயர்ந்த சீமெந்து விளிம்பின்மேல் இருந்திருந்தால் இதில் ஒன்றும் உள்ளே போகாது. இப்படிப்பட்ட கட்டடத்தின் ஏழாம் மாடியில் ஒரு வீட்டுக்காரர் சமையலறைக்கு விலையுயர்ந்த பில்டர் பூட்டுகிறார். அவர் வடிப்பது களனி ஆற்றை அன்று. தன் கட்டடத்தின் கார்த் தளத்தை.

கொட்டாஞ்சேனையில் கதை வேறு. அங்குள்ள பல பழைய வீடுகளில் கூரைக்குக் கீழ் ஒரு கொங்கிறீற்றுத் தொட்டி, அதிலிருந்து சுவருக்குள் இறங்கும் நாகம் பூசிய இரும்புக் குழாய். நாகப் பூச்சு தேய்ந்தபின் குழாய் உள்ளிருந்தே துருப்பிடிக்கிறது. இரவு முழுவதும் குழாய்க்குள் நின்ற நீர் காலையில் மஞ்சளாகவும், சிறிது ஓடவிட்டபின் தெளிவாகவும் வருமானால் துரு வீட்டுக்குள்ளேதான் உற்பத்தியாகிறது. தாங்கியைக் கழுவினாலும் அது நிற்காது. குழாயை மாற்ற வேண்டும். வாசலில் எவ்வளவு பெரிய வடிகட்டி வைத்தாலும், அதற்குப் பின்னால் உள்ள குழாயிலிருந்து உரியும் துருவை அது எப்படிப் பிடிக்கும்?

மண்டி எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிக்க ஆய்வுகூடம் வேண்டியதில்லை. நிறமில்லாத மூன்று கண்ணாடிப் போத்தல்கள் போதும். நீர்மானிக்குப் பக்கத்தில், தாங்கிக்கு முன்னால் உள்ள குழாயில் ஒன்றை நிரப்ப வேண்டும். நிலத்தடித் தாங்கியிலிருந்து ஒன்று. சமையலறைக் குழாயிலிருந்து ஒன்று. மூன்றிலும் எங்கே எடுத்தது என்று எழுதி ஒட்டி, ஓர் இரவு அசைக்காமல் வைக்க வேண்டும். காலையில் வெள்ளைத் தாளின்மேல் நிறுத்திப் பார்த்தால் அடியில் படிந்திருப்பதே சாட்சி. முதற்போத்தல் சுத்தமாகவும் இரண்டாவது மண்டியாகவும் இருந்தால் தாங்கிதான் காரணம். இரண்டாவது சுத்தமாக, மூன்றாவது மண்டியாக இருந்தால் மேல்தாங்கி அல்லது உட்குழாய். முதற்போத்தலிலேயே மண்டி என்றால் மட்டுமே சபையிடம் முறையிடுவதில் பொருளுண்டு. அப்போது கையில் போத்தலும் இருக்கும்.

படிவின் நிறமும் பேசும். செங்காவி என்றால் இரும்புத் துரு. விரலில் மை போல ஒட்டும் கறுப்பு என்றால், நைந்துபோன றப்பர் வளையங்களாகவோ மங்கனீசுப் படிவாகவோ இருக்கலாம். கரகரப்பான மணல், அண்மையில் நடந்த கட்டட வேலையையோ உடைந்த குழாயையோ காட்டும். பச்சை வழுவழுப்பு வந்தால் தாங்கிக்குள் வெளிச்சம் போகிறது, பாசி வளர்கிறது. தண்ணீர் பால்போல வெளுத்து வந்து, அடியிலிருந்து மேல்நோக்கி ஓரிரு நிமிடத்தில் தெளிந்தால் அது காற்றுக்குமிழ், மண்டியே இல்லை. இந்தப் பால்நிறத்தைக் கண்டு பயந்து பில்டர் வாங்கிய வீடுகளும் உண்டு. போத்தலை இரண்டு நிமிடம் பார்க்கப் பொறுமை இருந்திருந்தால் அந்தக் காசு மிஞ்சியிருக்கும்.

கிணற்று நீரைக் குளிக்கவும் துவைக்கவும் வைத்திருக்கும் வீடுகளில் இன்னொரு குழப்பம் நடக்கிறது. வெள்ளவத்தை என்ற பெயருக்கே சிங்களத்தில் மணல் தோட்டம் என்று பொருள். கரையோர மணலில் தோண்டிய கிணற்றில் மணல் வருவது புதுமையன்று. அதைச் சல்லடை வடிகட்டி பிடிக்கும். ஆனால் கிணற்றிலிருந்து எடுக்கும்போது பளிங்காக இருந்த நீர், வாளியில் நின்றால் சிவந்துபோகிறதே, அது வேறு வியாதி. நிலத்தடி நீரில் இரும்பு கரைந்த நிலையில் இருக்கிறது. கரைந்த இரும்பு உப்பைப்போல. எந்தச் சல்லடையிலும் தங்காது. காற்றுப் பட்டதும்தான் அது துருவாகித் துகளாகிறது. நேரே கிணற்றுக் குழாயில் கார்ட்ரிஜ் பூட்டினால், இரும்பு அதைக் கடந்து போய்த் தாங்கியில் சிவந்து படியும். முதலில் நீரைத் தூவிவிட்டுக் காற்றுப் படச்செய்து, அடையவிட்டு, பிறகு வடிக்க வேண்டும். வரிசை மாறினால் வடிகட்டிக்கு வேலையே இல்லை.

இனித் துளையின் அளவு. 1 மைக்ரோன் கார்ட்ரிஜ் 5 மைக்ரோனைவிட நல்லது, 5 மைக்ரோன் 50ஐவிட நல்லது என்று கடையில் சொல்லும்போது வாங்குபவர் தலையாட்டிவிடுகிறார். முதலில், மலிவான வெள்ளை உருளைகளில் அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும் பெயரளவு எண். அந்த அளவுத் துகள்களில் ஒரு பங்கை அது பிடிக்கும். எத்தனை பங்கு என்பதை உற்பத்தியாளரே வரையறுத்துக்கொள்கிறார். இரண்டாவது, அழுத்தம். பத்து மீற்றர் உயர நீர்தான் ஒரு பார் அழுத்தம் தரும். மொட்டைமாடித் தாங்கிக்கு நேர்கீழே உள்ள மாடியில் குழாய்க்கும் தாங்கிக்கும் இடையே இரண்டு மூன்று மீற்றர்தான் இருக்கும், அழுத்தம் 0.2 அல்லது 0.3 பார். அந்தச் சிறு அழுத்தத்தில் ஒரு பகுதியைப் புதுக் கார்ட்ரிஜே தின்றுவிடும். கழுவாத தாங்கியின் மண்டி அதில் அடைக்கத் தொடங்கினால், சில வாரங்களில் ஷவரில் நூல்போல ஒழுகும். அதன் பிறகு வீட்டில் நடப்பதும் தெரிந்ததே: கார்ட்ரிஜைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் கூட்டைப் பூட்டி வைப்பார்கள், அல்லது அழுத்தம் கூட்ட இன்னொரு மோட்டர் வாங்குவார்கள்.

மாதக்கணக்கில் மாற்றாத ஒரு கார்ட்ரிஜைக் கத்தியால் நெடுக வெட்டிப் பார்ப்பவர் அதைப் பிறகு மறக்கமாட்டார். வெளிப்புறம் கடும் தேநீர் நிறம். தொட்டால் மீன் செதிலைத் தொட்டதுபோல வழுக்கும். பிழிந்தால் குட்டை நாற்றம். அந்த வழுவழுப்பு மண் அன்று, உயிர். பிடிபட்ட கரிமப் பொருளைத் தின்று பற்றீரியாக்கள் படலம் கட்டியிருக்கின்றன. குடிக்கும் தண்ணீர் முழுவதும் நாள்தோறும் அதனூடாகத்தான் வந்தது. உரிய காலத்தில் மாற்றாத வடிகட்டியைவிட வடிகட்டி இல்லாத குழாய் மேல்.

இதைவிடப் பெரிய தவறு கரி வடிகட்டியில் நடக்கிறது. மணமும் நிறமும் போக வேண்டும் என்று, முழு வீட்டுக்கும் சேர்த்து, தாங்கிக்கு முன்னாலேயே கரி வடிகட்டியைப் பூட்டுகிறார்கள். கரி குளோரினை உறிஞ்சிவிடும். அதுதான் அதன் இயல்பு. சபை நீரில் விட்டனுப்பும் சிறிதளவு குளோரின் வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் இலவசக் காவல். குழாய் முனையில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டுகிறது. அந்தக் காவலை வாசலிலேயே வெளியேற்றிவிட்டு, காவலில்லாத நீரை வெப்பமான கொழும்பில் இரண்டு நாள் தாங்கியில் தேக்கிவைத்தால் கிருமி பெருகாமல் என்ன செய்யும்? குளோரின் மணம் பிடிக்காதவர், குடிக்கும் குழாயில் மட்டும், தாங்கிக்குப் பின்னால், கடைசியில் கரியை வைக்கட்டும்.

அடுத்து, தெளிந்த நீர் குடிக்க உகந்த நீர் என்ற எண்ணம். வண்டலும் கிருமியும் ஒரே அளவானவை என்று எண்ணுவதால் வந்த பிழை இது. நெருப்புக்காய்ச்சல் தரும் பற்றீரியாவின் அகலம் ஏறத்தாழ ஒரு மைக்ரோன்தான். செங்கண்மாரியைத் தரும் ஹெபடைட்டிஸ் ஏ வைரஸ் 0.03 மைக்ரோன், 5 மைக்ரோன் துளையில் அது போவது, கோயில் வாசற்கதவினூடே ஒரு கடலைக்கொட்டை உருண்டு போவதைப் போன்றது. பளிங்குபோன்ற ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு குடும்பத்தையே படுக்கவைக்கும் கிருமி இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது.

வடிகட்டியை நம்புவோர் இங்கே ஒரு வலுவான சான்றைக் காட்டலாம். 1892இல் ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் வாந்திபேதி பரவி 8,000 பேருக்கு மேல் இறந்தனர். அதே எல்ப ஆற்று நீரைக் குடித்த பக்கத்து நகரான அல்டோனா பெருமளவு தப்பியது. ஹம்பர்க் வடிக்காத நீரை விநியோகித்தது. அல்டோனா மணலில் வடித்துக் கொடுத்தது. வடித்தல் உயிர் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அல்டோனாவின் மணற்படுக்கை வெறும் சல்லடையாக வேலை செய்யவில்லை. நீர் மிக மெதுவாக இறங்கும் அத்தகைய படுக்கையின் மேற்பரப்பில் நுண்ணுயிர்கள் கூடி ஒரு மெல்லிய உயிர்ப்படலத்தைக் கட்டுகின்றன. கிருமியைப் பிடித்துத் தின்பது அந்தப் படலம். அதைக் கவனிக்கத் தேர்ந்த ஆட்கள் வேண்டும். சமையலறைச் சுவரில் தொங்கும் பிளாஸ்டிக் உருளைக்கு அந்தப் பெருமையில் பங்கு கிடையாது.

வங்காளதேசத்து மத்லாப் பகுதியில் நடந்த ஆய்வு இதைவிடப் பொருத்தமான பாடம். பழைய பருத்திச் சேலையை நான்கு மடிப்பாகக் குடத்தின் வாயில் கட்டி நீரை வடிக்கக் கிராமத்துப் பெண்களுக்குப் பழக்கியபோது, வாந்திபேதி ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ரீட்டா கொல்வெல் குழுவினர் 2003இல் இதை வெளியிட்டனர். வாந்திபேதிக் கிருமி நீரிலுள்ள நுண்மிதவை உயிரிகளோடு ஒட்டிக்கொண்டிருப்பதால், 20 மைக்ரோன் அளவே வடிக்கக்கூடிய துணியும் அவ்வளவு உதவியது. கொழும்பில் ‘தோட்டம்’ எனப்படும் நெரிசல் குடியிருப்புகளில் பொதுக்குழாயின் வாயில் துணி கட்டும் வழக்கத்தை ஏளனமாகப் பார்ப்பவர்கள் இதை அறிய வேண்டும். அதே ஆய்வு மற்றொன்றையும் சொல்கிறது: பாதிதான் குறைந்தது. மீதிப் பாதிக்கு வேறு காவல் தேவைப்பட்டது. கொதிக்கவைத்த நீருக்கு ஈடாக எந்தத் துணியையும் எந்தக் கார்ட்ரிஜையும் வைக்க முடியாது.

அப்படியானால் மண்டியை வடிப்பதில் பயனே இல்லையா? உண்டு; அதுதான் அதன் உண்மையான பயன். கலங்கல் நீரில் துகள்களின் நிழலிலும் இடுக்கிலும் கிருமி ஒளிந்துகொள்ளும். குளோரினும் புற ஊதா விளக்கும் அதை எட்டமாட்டா. மண்டியை நீக்கினால் இவை தம் வேலையை முழுமையாகச் செய்யும். வாஷிங் மெஷினின் வால்வும் ஷவரின் துளையும் அடைபடாமல் இருக்கும். மண்டி வடிகட்டி கிருமிநீக்கத்துக்குத் துணையாள். துணையாளை எசமானாக்கியதே பிழை.

வெள்ளவத்தையில் எதிர்ச்சவ்வூடுபரவல் இயந்திரத்துக்கு, அதாவது ஆர்.ஓ.வுக்கு, இருக்கும் மோகத்தில் யாழ்ப்பாணத்து அனுபவமும் கலந்திருக்கிறது. குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணக்கல்லில் ஊறியது. கேத்திலின் உள்ளே வெள்ளைப் பொருக்குக் கட்டும். அந்தத் தண்ணீரோடு வளர்ந்து வெள்ளவத்தைக்கு வந்தவர்கள் கொழும்புக் குழாயையும் அதே கண்ணால் பார்க்கிறார்கள். ஆனால் கொழும்பில் சபைத் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் கொதிக்கவைத்த கேத்திலில் அந்தப் பொருக்கு இல்லை என்பதை யாரும் தம் வீட்டிலேயே பார்க்கலாம். களனி ஈரவலய மலைகளிலிருந்து வரும் மென்னீர். ஆர்.ஓ.வின் வேலை கரைந்த உப்பை எடுப்பது. சிறுநீரக நோய் பரவிய வடமத்திய மாகாணத்தின் கடினநீருக்கும் புளோரைட்டுக்கும் அதை நிறுவியதில் நியாயம் உண்டு. உப்பே அரிதான நீரில் அதைப் பூட்டி, ஒரு லீற்றர் குடிநீருக்கு இரண்டு மூன்று லீற்றரைச் சாக்கடையில் விடுவதற்கு நியாயம் இல்லை.

சிலர் தாங்கியே வேண்டாம் என்று சபையின் குழாயில் நேரே மோட்டரைப் பூட்டி இழுக்கிறார்கள். இது அயலவருக்கும் செய்யும் தீங்கு. உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் வெளியிலுள்ளதைவிடக் குறைகிறது. கசியும் மூட்டுகளினூடே வெளிநீர் உள்ளே இழுக்கப்படுகிறது. பழைய கழிவுநீர்க் குழாய்கள் அருகருகே கிடக்கும் நகரில் அந்த வெளிநீர் எதுவாக இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

தாங்கி கழுவுவது கடினமான வேலையன்று. ஆனால் முறையோடு செய்ய வேண்டும். வரும் நீரை மூடி, உள்ள நீரை வழக்கம்போல் பாவித்து, ஒரு சாண் மட்டத்துக்கு இறக்க வேண்டும். அந்த நீராலேயே மண்டியைக் கலக்கி, அடி வால்வு வழியாக வெளியேற்ற வேண்டும். அடி வால்வு இல்லாத தாங்கிக்கு அதைப் பொருத்துவதே முதற்செலவாக இருக்கட்டும். சவர்க்காரம் போடாமல் தூரிகையால் சுவரைத் தேய்த்து, இரண்டு முறை அலச வேண்டும். பின்னர் தாங்கியை நிரப்பி, 1,000 லீற்றருக்கு ஏறத்தாழ 150 கிராம் புளீச்சிங் பவுடரை வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளிவை ஊற்றினால், லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். தூளில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் என்ற கணக்கில். ஒரு நாள் நிற்கவிட்டு முழுவதையும் வெளியேற்றிய பிறகே பாவனைக்கு நிரப்ப வேண்டும். புளீச்சிங் பவுடரோடு அமிலம் சேரவே கூடாது. நச்சு வாயு கிளம்பும். நிலத்தடித் தாங்கிக்குள் தனியாக ஒருவரை இறக்குவதும் கூடாது. மூடிக் கிடந்த தாங்கியில் பிராணவாயு குறைந்திருக்கும். இறங்கியவர் மயங்கிவிழ, தூக்கப் போனவரும் விழுவது பல இடங்களில் நடந்த துயரம். மூடியை நெடுநேரம் திறந்துவைத்து, காற்றோட்டம் கொடுத்து, இடுப்பில் கயிறும் மேலே ஆளுமாக இறங்க வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் வடிகட்டிக்கு இடம் உண்டு, அளவோடு. மோட்டருக்கும் மேல்தாங்கிக்கும் இடையில், கழுவிப் பாவிக்கக்கூடிய 100 மைக்ரோன் வலை வடிகட்டி ஒன்று. அங்கே மோட்டரின் அழுத்தம் இருப்பதால் ஓட்டம் குறையாது. குடிக்கும் குழாயில் மட்டும் 5 மைக்ரோன் கார்ட்ரிஜ். பூட்டிய திகதியைக் கூட்டின்மேல் எழுதி, மூன்று மாதத்துக்கு மேல் வைக்காமல் மாற்ற வேண்டும். அதன் பிறகும் குடிநீர் கேத்திலில் கொதிக்கத்தான் வேண்டும். குளிக்கவும் துவைக்கவும் கழிப்பறைக்கும் போகும் நீரை 1 மைக்ரோனில் வடிப்பவர் கார்ட்ரிஜ் கடைக்காரருக்கு மட்டுமே உழைக்கிறார்.

தொடர்மாடிகளில் தாங்கி கழுவுவதைத் தனி வீட்டுக்காரர் செய்ய முடியாது; நிர்வாகக் குழுதான் செய்ய வேண்டும். மாதந்தோறும் பராமரிப்புப் பணம் கொடுக்கும் ஒவ்வொருவரும் அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கலாம்: நிலத்தடித் தாங்கி கடைசியாகக் கழுவப்பட்ட திகதி என்ன? ஆறு மாதத்துக்குள் ஒரு திகதியைப் பதிவேட்டில் காட்ட முடியாத குழு, தாங்கியைக் கழுவவில்லை என்றே கொள்ள வேண்டும்.